அளவுகோலைக் கொடுக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, வீட்டுப்பாடத்துக்காகத் தன் பென்சிலை அளந்து 9 செ.மீ. என்று எழுதினாள். அதன் நீளம் 8 செ.மீ.தான். எண்ணும்போது ஒன்றிலிருந்து தொடங்குவதைப் போலவே, அளவுகோலிலும் 1 என்ற கோட்டில் பென்சிலின் அடியை வைத்து, நுனி தொட்ட எண்ணைப் படித்திருக்கிறாள். தொடக்கப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றிய எனக்கு இந்தப் பிழை மிகவும் பழக்கமானது. ஒரு சென்டிமீட்டர் என்பது இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட இடம் என்று கையில் பொருளைக் கொடுத்துக் காட்டாதவரை, குழந்தை எண்ணைத்தான் படிக்கும்.

அன்று மாலை மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு முழம் மல்லிகை வாங்கினோம். பூக்காரம்மா முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை பிடித்து அளந்து தந்த சரத்தை, வீட்டுக்கு வந்ததும் பேத்தியைத் தன் கையால் அளக்கச் சொன்னேன். ஏறக்குறைய ஒன்றரை முழம் வந்தது. "பூ எப்படிப் பாட்டி நீளமாச்சு?" என்று திகைத்தவள், தன் கையை என் கையோடு சேர்த்துவைத்துப் பார்த்துவிட்டு, விடையைத் தானே சொன்னாள். ஊருக்கு ஊர் அளவுகள் மாறியதால் வந்த குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1956ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி மெட்ரிக் முறைக்கு மாறினோம் என்பதை, இனி அவளுக்கு விளக்குவது எளிது.

ஒரே நீளமுள்ள இரண்டு குச்சிகளில் ஒன்றைச் சற்று முன்னே தள்ளிவைத்தால் அதுவே நீளமானது என்று சிறு குழந்தைகள் சொல்வதை, உளவியல் அறிஞர் பியாஜே பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக்காட்டியிருக்கிறார். அடி முனைகளைச் சேர்த்துவைத்துப் பார்க்கும் பழக்கம் கையால் செய்து வர வேண்டியது. அச்சிட்ட படத்தில் நீளமானதை வட்டமிடச் சொல்லும் பயிற்சித்தாளில் எந்தக் குச்சியையும் நகர்த்த முடியாதே!

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 2022 முதல் நடைபெற்றுவரும் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் செயல்வழிக் கற்றலுக்கு இடம் தருகிறது. எனவே, அளவுகோலைக் கையில் கொடுக்கும் முன் சில வாரங்களாவது சாண், முழம், தீப்பெட்டி, ஐஸ் குச்சி ஆகியவற்றால் பெஞ்சையும் கரும்பலகையையும் குழந்தைகள் அளக்கட்டும். குச்சிகளுக்கிடையே இடைவெளி விட்டாலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் விடை மாறுவதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு, கட்டம் போட்ட காகிதப் பட்டையில் சுழியத்திலிருந்து தொடங்கி ஆளுக்கோர் அளவுகோல் செய்யட்டும். ஆசிரியர்களுக்கான குறுவள மையப் பயிற்சிகளில் இதற்கென ஒரு அமர்வை ஒதுக்குமாறு பள்ளிக் கல்வித் துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மயிலாப்பூர், சென்னை.