கஷாயம் இருக்கட்டும், இன்ஹேலரும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆஸ்துமாவுக்கான மூலிகைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆடாதோடை, திப்பிலி, அதிமதுரம் என்று வரிசையாகச் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. முப்பது வருடமாக வீசிங்கோடு காலம் தள்ளுபவன் நான். இவை எல்லாம் என் அலமாரியிலும் உண்டு. 'துணை மருத்துவம்' என்று தலைப்புப் போட்டுவிட்டு, கடைசிப் பத்தியில் 'இன்ஹேலருக்கு அடிமையாகாமல் தப்பிக்கலாம்' என்று முடித்திருந்ததுதான் உறுத்தியது.

அப்படித் தப்பிக்கப் பார்த்தவன் நான். ஆடாதோடைக் கஷாயம் குடித்த பத்தாம் நாள் சளி இளகி வந்தது, நெஞ்சு லேசானது. (சளியை இளக்க டாக்டர்கள் எழுதும் புரோம்ஹெக்ஸின்கூட அந்த இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளின் வழியாக வந்ததுதான்.) குணமாகிவிட்டது என்று நினைத்து, காலை மாலை இழுக்கும் தடுப்பு இன்ஹேலரை நிறுத்தினேன். இன்னும் எத்தனை முறை இழுக்கலாம் என்று காட்டும் அதன் பின்பக்கத்து எண் மூன்று வாரம் 64-லேயே நின்றது. ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து தண்ணீர் கேட்கிறேன், 'தண்' என்பதோடு மூச்சு நின்றுவிட்டது. மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் வழக்கமாக 400-ஐத் தொடும் முள் 180-ஐத் தாண்டவில்லை. அப்புறம் நெபுலைசர், ஆக்சிஜன், நான்கு நாள் ஆஸ்பத்திரி வாசம்.

சளி போனதால் மூச்சுக்குழாயின் வீக்கம் போய்விடுவதில்லை. அதை அடக்குவது தடுப்பு இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு. மைக்ரோகிராம் கணக்கில், நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. இதில் அடிமையாக என்ன இருக்கிறது?

மூலிகை என்றால் சாது என்ற நினைப்பும் வேண்டாம். மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மாத்திரை எடுப்பவர் திப்பிலியை மருந்தளவில் சேர்த்தால், அதிலுள்ள பைப்பரின் ரத்தத்தில் மாத்திரையின் அளவை ஏற்றிவிடும். படபடப்பு, வாந்தி வரலாம். அதிமதுரத்தை வாரக்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். மூச்சு திணறும்போது உடனே இழுக்கும் இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமாலும் பொட்டாசியத்தை இறக்கும் மருந்துதான், இரண்டும் சேர்ந்தால் இதயத்துக்கு ஆகாது. எபெட்ரா கலந்த சத்து மாத்திரைகளை அமெரிக்கா 2004-ல் தடை செய்ததும் இதயத்துக்கு வந்த ஆபத்தால்தான். ஆஸ்துமாவுக்குக் காலங்காலமாகக் கொடுத்துவந்த செடி அது! இவற்றையெல்லாம் விட மோசம், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொடிகள். இரண்டே நாளில் மூச்சு சீராகிறது என்றால் ஸ்டீராய்டைக் கலந்திருப்பார்களோ என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

கஷாயம் இன்றும் குடிக்கிறேன். என்னென்ன, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி நுரையீரல் டாக்டரிடம் காட்டினேன். அதிமதுரத்தை மட்டும் பேனாவால் அடித்துவிட்டார். அந்தக் கடைசிப் பத்திக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அதை நம்பி இன்ஹேலரைத் தூக்கிப் போட்டவர் யாராவது இருப்பார்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்