மாடியில் இருக்கிற மகனுக்கு

பெரியவனே,

ஒரே வீட்டில், தலைக்கு மேலே குடியிருக்கிறவனுக்குக் கடிதம் எழுதுகிறாரே, அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று நினைப்பாய். ஒன்றும் ஆகவில்லை. நாம் இரண்டு பேரும் பேச உட்கார்ந்தால் பிவிசி பைப் விலையில் ஆரம்பித்து யார் யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதில் முடித்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பேரனோடு உட்கார்ந்து 'இன்டர்ஸ்டெல்லார்' பார்த்தோம். உன் தங்கச்சியும் கனடாவில் இருந்தபடி போனில் கூடவே பார்த்தாள். அழிகிற பூமிக்குப் பதிலாக வேறு கிரகம் தேடி, மகன் டாமையும் மகள் மர்ஃபையும் வீட்டில் விட்டுவிட்டு விண்வெளிக்குப் போன கூப்பர், 23 வருஷமாகச் சேர்ந்து கிடந்த வீடியோச் செய்திகளை உட்கார்ந்து பார்க்கிற இடம் வந்தது. தங்கச்சி மூக்கைச் சிந்தினாள், உங்க அம்மா முந்தானையைத் தேடினாள். நீ மட்டும் கேட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாய். கேட்டை நான் எட்டரைக்கே பூட்டிவிட்டேன். சாவி உன் கண் முன்னால் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

படம் முடிந்ததும் "மர்ஃப் பாவம்ப்பா" என்றாள் தங்கச்சி. எல்லாரும் ஆமாம் போட்டோம். நானும்தான். ஆனால் எனக்கு மர்ஃப் மேல் அவ்வளவு பரிதாபம் வருவதில்லை. வருவதெல்லாம் டாம் மேல்தான்.

அந்த இடத்தை நீ பார்க்காமல் போனதால் சொல்கிறேன். வந்திருந்த செய்திகளில் முக்கால்வாசி டாம் அனுப்பியவை. பள்ளிக்கூடத்தில் இரண்டாவதாக வந்தேன் என்கிறான். ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று போட்டோ காட்டுகிறான். அப்புறம் மீசை தாடியோடு வந்து, கையில் குழந்தையைத் தூக்கிக் காட்டி, நீங்கள் தாத்தாவாகிவிட்டீர்கள், பெயர் ஜெஸ்ஸி என்கிறான். இன்னும் கொஞ்ச வருஷம் கழித்து, தாத்தா இறந்துவிட்டார், அம்மாவுக்கும் ஜெஸ்ஸிக்கும் பக்கத்தில் புதைத்தோம் என்கிறான். சற்று முன்னால் கையில் இருந்த குழந்தை! அதைத் தனியாக ஒரு வரி சொல்லி அழக்கூட இல்லை, பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போகிறான். பதிலே வராத அப்பாவுக்கு இத்தனை வருஷம் செய்தி அனுப்பியவன் அவன். மர்ஃப் கோபத்தில் ஒரு வார்த்தை அனுப்பவில்லை. அப்பா கிளம்பும்போது இருந்த வயது தனக்கு வந்த அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திரையில் வருகிறாள். நாம் எல்லாரும் அழுதது அவளுக்கு.

கருந்துளைக்குப் பக்கத்துத் தண்ணீர்க் கிரகத்தில் கூப்பர் கழிக்கிற ஒரு மணி நேரத்துக்குப் பூமியில் ஏழு வருஷம் என்கிற விஷயம் இருக்கிறதே, அதை நான் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீர்க் கிரகத்தில் ஒரு நொடி கழிந்தால் பூமியில் 17 மணி நேரம் போய்விடும். இது சும்மா விட்ட கப்சா இல்லை. கிப் தோர்ன், 2017-இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கினாரே, அவர் உட்கார்ந்து சரிபார்த்த படம். பிரம்மாண்டமான கருந்துளை கிட்டத்தட்ட உச்ச வேகத்தில் சுழன்றால் அதன் விளிம்பை ஒட்டி இப்படி நடக்கும் என்கிறது கணக்கு. அங்கே அவர்கள் அலையில் மாட்டிக்கொண்டு ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் டாம் இங்கே இரண்டு நாள் வயலுக்குப் போய்விட்டு வந்திருப்பான்.

விண்கப்பலிலேயே ஒருத்தன் காத்திருந்தானே, கூப்பரின் கூட்டாளி ரோமிலி. இருபத்து மூன்று வருஷம் தனியாக இருந்து, தாடி நரைத்து, அவர்களுக்குக் கதவைத் திறக்கிறான். அவனை என்ன ஏது என்று நின்று கேட்கப் படத்துக்கு நேரமில்லை. அடுத்த கிரகத்தில் வெடித்துச் செத்தும் போகிறான்.

எனக்கு ஆத்திரம் வருகிற இடம் கடைசியில். கூப்பர் வந்து சேருகிறார். மர்ஃப் கிழவியாகப் படுத்திருக்கிறாள், சுற்றிலும் பிள்ளைகள், பேரன் பேத்திகள். இரண்டு மூன்று நிமிஷப் பேச்சு. நீங்கள் போங்கள் என்று அவள் அனுப்பிவிடுகிறாள், அவரும் கிளம்பிவிடுகிறார். "டாம் என்ன ஆனான்?" என்று ஒரு கேள்வி இல்லை. டைரக்டர் நோலன் இந்தப் படத்துக்காக உன் தங்கச்சி இருக்கிற கால்கரி பக்கம் 500 ஏக்கரில் நிஜமாகவே மக்காச்சோளம் விதைத்து வளர்த்தார். அவ்வளவு சோளம் போட்ட மனுஷனுக்கு, சோளம் விளைவித்த மகனைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. அதோடு விட்டாரா? பிற்பாதியில் டாமைக் கிட்டத்தட்ட வில்லனாகவே ஆக்கிவிட்டார். புழுதியில் பெண்டாட்டி பிள்ளை இருமுகிறார்கள், இவன் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறான், மர்ஃப் வயலுக்கே தீ வைக்க வேண்டியிருக்கிறது. அவன் ஏன் நகர மாட்டேன் என்கிறான் என்று யோசித்தாயா? அந்த வீட்டைப் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டுப் போனவர் இன்னும் வரவில்லை.

இது நோலன் ஒருவர் பண்ணுகிற தப்பு இல்லை. 1977-இல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் கதாநாயகன் லூக்கை வளர்த்தது ஓவன் மாமாவும் பெரு அத்தையும். இன்னும் ஒரே ஒரு அறுவடை இருந்துவிட்டுப் போ என்கிறார் ஓவன். லூக் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். பிறகு இரண்டு பேரும் வீட்டு வாசலில் கரிக்கட்டையாகக் கிடக்கிறார்கள். பார்க்கிறான், கொஞ்ச நேரம் நிற்கிறான், அவ்வளவுதான். ஒன்றிரண்டு நாள் கூடப் பயணம் செய்த பென் கிழவர் செத்ததற்குத்தான் கப்பலில் உட்கார்ந்து துக்கப்படுகிறான், லேயா போர்வை போர்த்தி ஆறுதல் சொல்கிறாள். சோறு போட்டவர்கள் கணக்கிலேயே இல்லை. நீயும் தங்கச்சியும் ஹான், லேயா காதலைப் பற்றி ராத்திரியெல்லாம் சண்டை போட்டிருக்கிறீர்கள். நான் உள்ளறையில் படுத்தபடி பெரு அத்தையை நினைத்துக்கொண்டிருப்பேன்.

இதை விடக் கொடுமை ஒன்று. 'ஏலியன்ஸ்' படத்தை நான் மதுரைக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தபோது உனக்கு இரண்டு வயது. அதன் கதாநாயகி ரிப்ளி எதற்காக நியூட் என்கிற சின்னப் பெண்ணுக்காக மறுபடியும் அந்த வேற்றுக்கிரகப் பிராணிகளின் கூட்டுக்குள் இறங்குகிறாள் என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. தைரியசாலி, அவ்வளவுதான் என்று வந்துவிட்டேன். பல வருஷம் கழித்து நீ எங்கேயோ தேடி நீளப் பதிப்பு டிவிடி வாங்கி வந்தாய். அதில்தான் அந்தக் காட்சி இருந்தது. விண்கப்பலில் 57 வருஷம் தூங்கி எழுந்த ரிப்ளியிடம், உன் மகள் 66 வயதில் செத்துப்போனாள் என்று ஒரு போட்டோவை நீட்டுகிறார்கள். பதினோராவது பிறந்தநாளுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தவள் இவள். போட்டோவில் இருக்கிற கிழவி நிஜத்தில் ரிப்ளியாக நடித்த சிகர்னி வீவருடைய அம்மா. படத்தின் உயிரே அதுதான். நீளமாகிறது என்று தியேட்டருக்கு வரும்போது அதைத்தான் வெட்டியிருக்கிறார்கள்!

தங்கச்சி சொல்வாள், கூப்பர் போகாவிட்டால் உலகமே இல்லையேப்பா என்று. சரிதான். போனது தப்பு என்று நான் சொல்லவில்லை. அவளையும் நான்தான் கடன் வாங்கி ஏற்றிவிட்டேன்.

படத்தின் ஆரம்பத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு, உங்கள் மகன் நல்ல விவசாயி ஆவான், காலேஜ் வேண்டாம் என்கிறார்கள். கூப்பருக்குக் கோபம் வருகிறது, வாதாடுகிறார். நீ பத்தாவது படிக்கும்போது வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, பையனுக்குக் கணக்கு வழக்கு நன்றாக வருகிறது, கடையைப் பார்த்துக்கொள்வான், கவலைப்படாதீர்கள் என்றார். நீ பக்கத்தில்தான் நின்றாய். நான் வாதாடவில்லை. சந்தோஷமாகத் தலையாட்டினேன். வருகிற வழியில் உனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். நீ பாதியை வைத்துவிட்டாய். வயிறு சரியில்லை என்றாய். அது எனக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைதான் உறைத்தது, ஏற்கெனவே பூட்டியிருந்த கேட்டைப் பூட்ட நீ எழுந்து போனபோது.

இதற்கு நீ பதில் எதுவும் எழுத வேண்டாம். கடையில் வைத்துப் பேசவும் வேண்டாம், பையன்கள் இருப்பார்கள்.

புதன்கிழமை மத்தியானம் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வா. 'ஏலியன்ஸ்' நீளப் பதிப்பை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். பிளேயரில் தட்டுதான் வெளியே வர மாட்டேன் என்கிறது. வரும்போது அந்தச் சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வா, பச்சைப் பிடி போட்டது. மூன்றாவது ரேக்கில் இருக்கும்.

அப்பா