ஹேட்ரியன் சுவரோரம் நடத்திக் கூட்டிப் போவதாகச் சொல்லி, கடைவாசலில் இறக்கிவிட்டது பற்றிய புகார்

அனுப்புநர்:
ஆகஸ்ட் 23–25 பயணத்தில் 21 முதல் 24 வரையிலான இருக்கைகளில் வந்த குடும்பம், லண்டன்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் பிரிவு

நாள்: செப்டம்பர் 6, 2025

பொருள்: சொன்ன இடங்களைக் காட்டாதது, ரசீது இல்லாமல் பணம் வாங்கியது, பணத்தைத் திருப்பித் தரக் கோருவது

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் கடைசி வங்கி விடுமுறையை ஒட்டி நீங்கள் நடத்திய, வட இங்கிலாந்தில் ரோமானியர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவரோரமான மூன்று நாள் நடைப்பயணத்துக்கு நான், என் மனைவி, பதினொரு வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பா என நான்கு பேர் வந்தோம். தலைக்கு 349 பவுண்டு. மொத்தம் 1,396 பவுண்டை ஜூன் மாதமே கிரெடிட் கார்டில் கட்டிவிட்டேன். நடைப்பயணம் என்று பெயர் போட்ட அந்தப் பயணத்தில் சுவரோரம் நாங்கள் நடந்தது கால் மைல் இருக்கும். இதைப் பற்றி உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். அடுத்த டூருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்று வாட்ஸப்பில் ஒரு வரி வந்தது. அந்தத் தள்ளுபடி எனக்கு வேண்டாம். நடந்ததை முழுதாக எழுதுகிறேன், படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

எத்தனையோ டூர் இருக்க உங்களிடம் ஏன் வந்தோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். என் அப்பாவுக்கு 71 வயது. போடிநாயக்கனூரில் ஏலக்காய், மிளகு மண்டியில் நாற்பது வருடம் கணக்கெழுதியவர். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருக்கும் வின்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில் 1973-ல் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த மெல்லிய மர ஏடுகளைப் பற்றி நான்தான் அவருக்குச் சொன்னேன். மை தொட்டு எழுதிய ரோமானியர் காலத்துக் கடிதங்களும் கணக்குகளும் அவை. அதில் ஒரு கணக்கில் தாப்போவின் மகன் காம்பாக்ஸ் என்ற ஒருவர் பேரில் மிளகு, இரண்டு தினாரி (ரோமானிய வெள்ளிக் காசு) என்று பற்று வைத்திருக்கிறார்கள். அந்த நாளில் ரோமானியர்களுக்கு மிளகு போனது நம் சேரநாட்டுக் கரையிலிருந்து. முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் மரக்கலங்களைப் பள்ளியில் படித்தவர் அப்பா. மலையில் விளைந்த மிளகு கடல் கடந்து, இங்கிலாந்தின் வடக்குக் கோடியில் குளிரில் கிடந்த ஒரு கோட்டைக் கணக்கில் ஏறியிருக்கிறது என்றதும், அந்த இடத்தில் ஒரு தடவை நின்று பார்த்துவிட வேண்டும் என்றார். ஏடுகளில் பெரும்பங்கு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கிளாடியா செவேரா என்ற பெண் தன் தோழியைப் பிறந்தநாளுக்கு வரச் சொல்லி எழுதிய கடிதத்தை ஜூலையில் அங்கே காட்டினேன். ஆனால் அவருக்கு வேண்டியது ஏடுகள் கிடைத்த மண். அது வின்டோலாண்டாவில்தான் இருக்கிறது.

உங்கள் பயணத் திட்டத்தில் இரண்டாம் நாள் இப்படிப் போட்டிருந்தது: காலை 8.30-க்குக் கிளம்பி செஸ்டர்ஸ் கோட்டை, அப்புறம் ஸ்டீல் ரிக்கிலிருந்து ஹவுஸ்டெட்ஸ் கோட்டை வரை கைடுடன் நடை, கடைசியாக வின்டோலாண்டாவில் இரண்டு மணி நேரம். முழுச் சுவரும் கிழக்கே வால்ஸெண்டிலிருந்து மேற்கே போனெஸ் வரை 73 மைல். அத்தனையையும் யாரும் கேட்கவில்லை. அதில் மிக அழகான துண்டு ஸ்டீல் ரிக்கிலிருந்து ஹவுஸ்டெட்ஸ் வரையிலான இந்த ஐந்து கிலோமீட்டர்தான். கருங்கல் பாறை விளிம்பில் சுவர் ஏறி ஏறி இறங்கும், வடக்குப் பக்கம் செங்குத்தான சரிவு, கீழே கிராக் லாஃப் ஏரி. வழியில்தான் 2023 செப்டம்பரில் வெட்டிச் சாய்க்கப்பட்ட, பேர்பெற்ற சிக்கமோர் மரத்தின் அடிக்கட்டை இருக்கிறது. மரம் போன செய்தி வந்த அன்று என் மகள் அழுதாள். மறு வருடம் கட்டை தளிர்விட்டது என்று கேட்டதிலிருந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பாவும் தினமும் பார்க்கைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்து காலைப் பழக்கிக்கொண்டார். அவருக்கு மழைக்குத் தாங்கும் ஷூ வாங்கினோம்.

அன்று பஸ் கிளம்பியது 10.40-க்கு. காரணம் கேட்டதற்கு கைடு சரியாகப் பதில் சொல்லவில்லை. செஸ்டர்ஸில் முக்கால் மணி நேரம் கிடைத்தது. ஆற்றங்கரையில் இருக்கும் குளியல் கூடத்தின் சுவர்களை அப்பா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அந்த அளவில் அது நன்றாகவே இருந்தது.

அங்கிருந்து ஹவுஸ்டெட்ஸ் போனதும் பஸ்ஸிலேயே மைக்கில் அறிவிப்பு வந்தது. ஸ்டீல் ரிக் போகும் ரோடு குறுகல், பெரிய பஸ் போகாது, அதனால் நடை கிடையாது என்றார் கைடு. நான் டிரைவரிடம் தனியாகக் கேட்டேன். போன வாரமே ஆபீசில் சொல்லிவிட்டேனே என்றார் அவர். இதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஒரு வாரம் முன்னாலேயே தெரிந்திருந்தால் எங்களுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். சின்ன வண்டி ஏற்பாடு செய்திருக்கலாம். ஹவுஸ்டெட்ஸிலேயே இறக்கிவிட்டு, அங்கிருந்து சுவரோரம் கொஞ்ச தூரம் போய்த் திரும்பச் சொல்லியிருந்தால்கூட நாங்கள் சந்தோஷமாக நடந்திருப்போம்.

கொடுத்தது 35 நிமிடம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து கோட்டைக்கு மேட்டில் ஏற வேண்டும். சாதாரணமாக நடப்பவருக்கே கால் மணி நேரம் பிடிக்கும். அப்பா நின்று நின்று ஏறினார். கோட்டை வாசலை அடைந்து உள்ளே நாலு எட்டு வைப்பதற்குள் கைடு கீழேயிருந்து போன் போட்டுக் கூப்பிட்டுவிட்டார். படைவீரர்களின் பொதுக் கழிப்பறை, தண்ணீர் ஓடிய கல் வாய்க்கால், தானியக் கிடங்கு, எதையும் பார்க்காமல் இறங்கினோம். மூச்சு வாங்கிக்கொண்டே அவர் இறங்கியதைப் பார்க்கும்போது, இந்த டூருக்குக் கூட்டிவந்த நான்தான் குற்றவாளி என்று தோன்றியது.

இன்று ஞாயிற்றுக்கிழமை, வின்டோலாண்டா மூடியிருக்கும் என்றார் கைடு. அது பொய். அன்று திறந்திருந்தது என்று மறுநாளே அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஹவுஸ்டெட்ஸிலிருந்து வண்டியில் பத்து நிமிடத்தில் போகக்கூடிய இடம் அது. அதை விட்டுவிட்டு மேற்கே வால்டவுன் கிராக்ஸில் அரை மணி நேரம் நிறுத்தினீர்கள். நான் சொன்ன அந்தக் கால் மைல் இங்கே நடந்ததுதான். அதன் பிறகு ஸ்காட்லாந்து எல்லை தாண்டி கிரெட்னா கிரீனுக்குக் கொண்டுபோய், கடைகளில் இரண்டரை மணி நேரம் சுற்றச் சொன்னீர்கள். உங்கள் திட்டத்தில் கிரெட்னா கிரீன் என்ற பேரே கிடையாது. வின்டோலாண்டாவுக்குப் போட்டிருந்த இரண்டு மணி நேரத்தைவிட அதிக நேரம் அங்கே போனது. அப்பா கடைக்குள்ளே வரவில்லை, பஸ் நிழலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வால்டவுனில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அங்கே போட்டோவுக்காக எல்லோரையும் சுவர் மேலே ஏறி நிற்கச் சொன்னார் உங்கள் கைடு. இருபது பேராவது ஏறினார்கள். சிலர் செருப்புக் காலோடு குதித்து இறங்கினார்கள், ஒரு கல் பெயர்ந்து உருண்டது. கி.பி. 122-ல் கட்டத் தொடங்கிய சுவர் அது. 1987-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 18-ம் நூற்றாண்டில் ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீண்டும் ஏற்ற நடந்த ஜாகோபைட் கலகத்துக்குப் பிறகு ராணுவச் சாலை போட்டவர்கள் அதன் கல்லைப் பெயர்த்தார்கள். அதே வால்டவுனில் குவாரிக்காக ஒரு பகுதியை அடியோடு வெட்டி எடுத்தார்கள். நியூகாசில் வழக்கறிஞர் ஜான் கிளேட்டன் 19-ம் நூற்றாண்டில் தன் சொந்தப் பணத்தில் நிலத்தை வாங்கிக் காத்ததால்தான் நடுப்பகுதி இன்றைக்கும் நிற்கிறது. மண்ணுக்கடியில் இருப்பது கெடக் கூடாது என்று, ஒருவர் பின் ஒருவராக ஒரே தடத்தில் போகாமல் பக்கத்தில் பக்கத்தில் நடக்கச் சொல்லி அங்கே நடப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். அவ்வளவு கவனமாகக் காப்பாற்றும் இடத்தில் நம் ஆட்கள் சுவர் மேல் ஏறி நின்றார்கள். தாத்தா, ஏறக்கூடாதுதானே என்று என் மகள் கேட்டாள். அங்கே நம்மைப் பார்த்துக்கொண்டு நின்ற மற்ற நடைக்காரர்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இன்னொரு விஷயம் பணம். நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துத்தான் 349 பவுண்டு என்று உங்கள் தாளில் இருக்கிறது. ஆனால் அன்று காலை பஸ்ஸில் மூன்று இடத்துக்கும் நுழைவுக் கட்டணம் என்று சொல்லித் தலைக்கு 20 பவுண்டு ரொக்கமாக வாங்கினார்கள். எங்களிடம் 80 பவுண்டு. ரசீது கேட்டோம், தரவில்லை. மூன்றில் ஓர் இடத்துக்குப் போகவே இல்லை.

மூன்றாம் நாள் டர்ஹாம் கதீட்ரல் போனது சொன்னபடியே நடந்தது. டிரைவர் மூன்று நாளும் பொறுமையாக, கவனமாக ஓட்டினார். ஓட்டல் அறைகளில் குறை இல்லை. இவற்றுக்காகத்தான் முழுப் பணத்தையும் கேட்கவில்லை.

நான் கேட்பது: கட்டிய 1,396 பவுண்டில் பாதி, அதாவது 698 பவுண்டு. அதோடு ரொக்கமாக வாங்கிய 80. ஆக மொத்தம் 778 பவுண்டு. பேக்கேஜ் சுற்றுலாவுக்கான 2018-ம் ஆண்டு விதிமுறைகள்படி, திட்டத்தில் முக்கியமான மாற்றம் வந்தால் கிளம்புவதற்கு முன்பே சொல்லி, அபராதம் இல்லாமல் ரத்து செய்துகொள்ளும் வாய்ப்பையும் எங்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும். விற்றதைக் கொடுக்காவிட்டால் விலையைக் குறைக்க வேண்டிய கடமையும் உங்களுக்கு உண்டு. பதினான்கு நாளுக்குள், அதாவது செப்டம்பர் 20-க்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1974-ம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவின்படி கார்டு கொடுத்த வங்கியிடம் கேட்பேன். அதுவும் நடக்கவில்லை என்றால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போவேன். பயணத் திட்டம், பணம் கட்டிய ரசீது, நேரத்தோடு எடுத்த போட்டோக்களின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இதே டூரை அக்டோபருக்கும் விளம்பரம் செய்திருக்கிறீர்கள், இன்று காலையும் பார்த்தேன். அதிலும் ஸ்டீல் ரிக் நடை என்றுதான் போட்டிருக்கிறது. சின்ன வண்டி ஏற்பாடு செய்யுங்கள், இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். சுவர் மேல் யாரும் ஏறக்கூடாது என்று உங்கள் கைடுகளுக்குச் சொல்லுங்கள்.

அப்பா அக்டோபர் 5-ம் தேதி சென்னைக்கு விமானம் ஏறுகிறார். இந்த வயதில் அவர் இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வருவார் என்று என்னால் நம்ப முடியவில்லை. செப்டம்பர் 27, சனிக்கிழமைக்கு நியூகாசில் வரை நாலு ரயில் டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கிருந்து இன்னொரு ரயிலில் ஹால்ட்விசில் போய், சுவர் கட்டத் தொடங்கிய வருடத்தையே எண்ணாக வைத்து ஓடும் ஏடி 122 பஸ்ஸைப் பிடித்து நாங்களே வின்டோலாண்டா போகப் போகிறோம். அந்த டிக்கெட்டுகளை உங்களிடமிருந்து வர வேண்டிய பணத்தில்தான் எடுக்க வேண்டும். ஆகவே 20-ம் தேதியைத் தாண்டவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
21-ம் எண் இருக்கையில் வந்தவர்