இலோயிலோவில் பிறந்த பார்சிலோனா வீரர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு மாணவர் பக்கத்தில் பார்சிலோனா காற்பந்துக் கழகத்தின் கோல் வேட்டைக்காரர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மூன்றாம் படிவம் படிக்கும் என் பேரன் அதைக் கத்தரித்து அறைச் சுவரில் ஒட்டிவிட்டான். மெஸ்ஸிக்கு முன் அந்தக் கழகத்தில் ஆக அதிக கோல் அடித்திருந்தவரின் பெயர் மட்டும் அதில் இல்லை. அவர் பவுலினோ அல்கந்தாரா.

ஐரோப்பாவில் பெயர் வாங்கினாலும் பிறப்பால் அவர் நம் தென்கிழக்காசிய வட்டாரத்துக்காரர். 1896இல் பிலிப்பைன்ஸின் இலோயிலோவில் பிறந்தார். தந்தை ஸ்பானியர், தாய் அந்த ஊர்ப் பெண். 1912 பிப்ரவரியில், 15 வயதில், பார்சிலோனா முதல் அணிக்கு இறங்கிய முதல் ஆட்டத்திலேயே 3 கோல் போட்டார். நட்புமுறை ஆட்டங்களையும் சேர்த்து 357 ஆட்டங்களில் 369 கோல். 2014 மார்ச்சில்தான் மெஸ்ஸி அதைத் தாண்டினார். 1922இல் பிரான்சின் போர்தோ (Bordeaux) நகரில் அந்நாட்டுக்கு எதிராக ஸ்பெயினுக்காக ஆடியபோது அல்கந்தாரா உதைத்த பந்து வலையையே கிழித்துக்கொண்டு போனது.

இதைவிட என்னைத் தொட்டது வேறு. நான் பல ஆண்டுகள் மருத்துவமனை உதவியாளராக வேலை பார்த்தவன். இளம் டாக்டர்கள் தூக்கமில்லாமல் படிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அல்கந்தாரா அந்தப் படிப்பைப் பந்தோடு சேர்த்தே படித்தார். 1916இல் பிலிப்பைன்ஸ் திரும்பியவர் மருத்துவம் பயின்றுகொண்டே ஆடினார். 1917இல் தோக்கியோவில் ஜப்பானை 15-2 என்று வீழ்த்திய பிலிப்பைன்ஸ் அணியில் அவரும் இருந்தார். பிறகு ஸ்பெயின் திரும்பியவர், 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கிற்கு ஸ்பெயின் அணியிலிருந்து அழைப்பு வந்தபோது, மருத்துவத் தேர்வுக்காகப் போகவில்லை. 1927இல், 30 வயதில், பந்தை விட்டுவிட்டு முழுநேர மருத்துவரானார். பிற்காலத்தில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அவர் சர்வாதிகாரி பிராங்கோ பக்கம் நின்றது எனக்கு உவப்பில்லை. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

என் மகன், எஸ்பிஎம் தேர்வு முடியும்வரை திடல் பக்கம் போகாதே என்று பேரனின் பூட்ஸை ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிட்டான். படிப்போடு பந்தும் ஆடலாம் என்று நான் சொன்னால், தாத்தா செல்லம் கொடுக்கிறார் என்கிறான். உங்கள் பத்திரிகையில் வந்தால் உட்கார்ந்து படிப்பான். அரைக்கால் சட்டையின் இடுப்பில் வெள்ளைக் கைக்குட்டை தொங்க அல்கந்தாரா நிற்கும் படம் உண்டு. அதையும் சேர்த்துப் போடுங்கள். சுவரில் மெஸ்ஸிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற மருத்துவமனை உதவியாளர்,
ஜெலுத்தோங், பினாங்கு