கண் அழற்சி ஆய்வுகளுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண் நலம் குறித்து நாளிதழ்களில் வெளியாகும் கட்டுரைகள் பெரும்பாலும் கண்புரையோடும், சர்க்கரை நோயால் விழித்திரைக்கு வரும் பாதிப்போடும் நின்றுவிடுகின்றன. கண்ணின் அழற்சி நோய்களையும் தொற்று நோய்களையும் ஆராய்வோரின் உழைப்பு வாசகர்களை அரிதாகவே எட்டுகிறது. யுவியைடிஸ் எனப்படும் உட்கண் அழற்சியோடு பல ஆண்டுகளாக வாழ்ந்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பட்டால் கூசி, பார்வை மங்கும்போது அதற்கு முற்றிலும் எதிரெதிரான இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். உடலின் நோய் எதிர்ப்பாற்றலே திசைமாறித் தன் கண்ணைத் தாக்கிக்கொண்டிருக்கலாம். அல்லது ஹெர்பிஸ் வைரஸ், காசநோய்க் கிருமி, டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி, பூஞ்சை போன்ற ஏதோ ஒன்று உள்ளே புகுந்திருக்கலாம். முதல் வகையைத் தணிக்கும் ஸ்டீராய்டு, இரண்டாவது வகையில் கிருமிக்கு வழிவிட்டுப் பார்வையையே பறித்துவிடக்கூடும். எனவே எந்த மருந்து என்பதற்கு முன்பே எதனால் வந்தது என்று கேட்டாக வேண்டும். இந்த ஆய்வாளர்கள் விடாமல் துரத்துவது அந்தக் கேள்வியைத்தான்.

அது எவ்வளவு கடினமானது என்பதற்கு 2016-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். வழக்கமான பரிசோதனை, மருத்துவர் சந்தேகிக்கும் கிருமியை மட்டுமே தேடும். சந்தேகிக்காத கிருமி அதில் சிக்காது. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண்ணுக்குள்ளிருந்து எடுத்த மிகச் சிறிதளவு திரவத்தில் இருந்த மரபணுப் பொருள் அனைத்தையும் வாசித்துப் பார்த்தார்கள். 16 ஆண்டுகளாகக் காரணம் தெரியாத அழற்சியால் அவதிப்பட்ட ஒருவரின் கண்ணில், ஜெர்மன் தட்டம்மையை உண்டாக்கும் ரூபெல்லா வைரஸ் இருப்பது அப்போது தெரியவந்தது. காரணம் தெரியாது என்ற சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கும் நோயாளிக்கு இது எத்தகைய செய்தி என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கருவிழிப் புண்ணில் நடந்த ஆய்வுகளையும் குறிப்பிட விரும்புகிறேன். அவற்றில் பெரும்பகுதி தென்னிந்தியக் கண் மருத்துவமனைகளில்தான் நடந்தது. பூஞ்சையால் வரும் புண்ணுக்குப் பழைய மருந்தான நேட்டாமைசினைவிடப் புதிய வொரிகோனசோல் மேலானதாக இருக்கும் என்று பலரும் நம்பியிருந்த நிலையில், இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானது. பழைய சொட்டு மருந்தே சிறந்தது என்றும், அதிலும் ஃபியூசேரியம் வகைப் பூஞ்சையில் வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிகிறது என்றும் அது காட்டியது. பாக்டீரியாவால் வரும் புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக்குடன் ஸ்டீராய்டும் சேர்த்தால் பலன் கூடுமா என்று 500 பேரிடம் நடத்திய மற்றோர் ஆய்வு, மூன்று மாத முடிவில் பொதுவாகப் பார்வையில் வேறுபாடு இல்லை என்று 2012-இல் தெரிவித்தது. புது மருந்து கண்டுபிடிக்கப்பட்டால் செய்தியாகிறது. இத்தகைய முடிவுகள் ஆவதில்லை. ஆனால் நாளை காலை கருவிழிப் புண்ணோடு வரும் ஒருவருக்கு எந்தச் சொட்டு மருந்தை எழுதுவது என்பதை முடிவு செய்வது இவைதான்.

கண் சிவந்தவுடன், முன்பு யாருக்கோ எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தாமாகவே விட்டுக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தொற்று இருந்தால் வரும் கேடு ஒருபுறம். தொற்றே இல்லாவிட்டாலும், மேற்பார்வையின்றி நீண்ட நாள் பயன்படுத்தினால் கண்புரையும் கண் நீர் அழுத்த உயர்வும் வரலாம். அழுத்தம் உயர்வது தொடக்கத்தில் பெரும்பாலும் தெரியாது. அதனால் பார்வை நரம்பு கெட்டுவிட்டால் அதை மீட்க வழியில்லை.

ஆகவே தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், இத்துறையில் பணியாற்றும் கண் மருத்துவ ஆய்வாளர்களைக் கொண்டு ஒரு தொடர் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பரிசோதனை எப்போது தேவை, ஸ்டீராய்டை எப்போது தொடங்கலாம், எப்படிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பவற்றை அவர்கள் எளிய தமிழில் எழுதினால் என் போன்ற நோயாளிகளுக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்