சனிக்கிழமை கோல்ஃப்: எந்த விதியைத் தளர்த்தியிருக்கிறோம், எதைத் தொடவில்லை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலைகளில் நம் பள்ளி மைதானத்தில் கோல்ஃப் பழக்குவது உங்களுக்குத் தெரியும். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, “பந்தைக் கையில எடுத்து வச்சு அடிக்கிறாங்களாமே சார், அது எந்த ஊர் கோல்ஃப்?” என்று கேட்டார். அவர் நெடுநாளாகக் கோல்ஃப் மைதானத்தில் கேடியாக, அதாவது ஆடுபவர்களின் மட்டைப் பையைச் சுமந்து கூடவே போகும் உதவியாளராக, வேலை பார்ப்பவர். கோல்ஃப் விதிகள் அவருக்கு அத்துப்படி. அன்று நேரமில்லாமல் ஏதோ சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டேன். இன்னும் சிலருக்கும் அதே சந்தேகம் இருப்பது பிறகுதான் காதுக்கு வந்தது. ஆகவே இந்தக் கடிதம்.

கேள்வி நியாயமானதுதான். பந்தை எவ்வளவு குறைந்த அடிகளில் குழிக்குள் போடுகிறோம் என்பதே கோல்ஃப். பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்து அப்படியே அடிக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அடிக்க வீசிய மட்டை பந்தில் படாமல் போனாலும் அது ஓர் அடியாகக் கணக்கில் ஏறும். பந்து தொலைந்தால் தேடுவதற்கு 3 நிமிடம். கிடைக்காவிட்டால் ஓர் அடி தண்டனை, அதோடு அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். குழியின் அகலமோ வெறும் நாலேகால் அங்குலம். கை பழகியவர்களுக்கு இதெல்லாம் சரி.

பழகாத பிள்ளைக்கு என்ன ஆகிறது? ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டையை ஓங்கி வீசினாள். புல்லும் மண்ணும் பறந்தன, பந்து அசையவில்லை. மறுபடி வீசினாள், காற்றுதான் வந்தது. வரிசையில் நின்ற பையன் ஒருவன் “ரெண்டு” என்று உரக்க எண்ணினான். மூன்றாவது வீச்சில் மட்டை நுனி பட்டு, பந்து பக்கவாட்டில் உருண்டு கேரட் தோட்டத்துப் பக்கம் சரிவில் இறங்கிவிட்டது. நம் மைதானத்தின் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? சரிவில் இறங்கிய எதுவும் நடுவில் நிற்காது. அவள் மட்டையை அடுத்தவளிடம் நீட்டி, “நீயே அடி” என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் போய், ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு நின்றாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

அதற்கப்புறம்தான் உடற்கல்வி ஆசிரியரும் நானும் உட்கார்ந்து விதிகளைத் திருத்தினோம். இதற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் தேவைப்படவில்லை. தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளைப் பாருங்கள். முதல் பந்து ட்ரையல் பால். இடம் குறுகலாக இருந்தால் ஒன் பிட்ச் கேட்ச். அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்த ஐந்து வயதுத் தம்பியை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள், அவன் அவுட்டே ஆக மாட்டான். இரண்டு வருடம் கழித்து அவனே பெரியவர்களை போல்டு ஆக்குவான். யாரும் அதைக் கிரிக்கெட் இல்லை என்று சொல்வதில்லை.

ஆகவே, இந்தப் பருவம் முடியும்வரை நம் மைதானத்தில் பந்தில் படாத வீச்சு கணக்கில் வராது. பள்ளத்திலோ வேர் இடுக்கிலோ கிடக்கும் பந்தைக் கையால் எடுத்துப் பக்கத்து நல்ல புல்லில் வைக்கலாம், குழிக்கு நெருக்கமாக மட்டும் நகர்த்தக் கூடாது. தோட்டத்துக்குள் போன பந்துக்குத் தண்டனை இல்லை. வேலியோரம் இன்னொரு பந்து வைத்து ஆடலாம், ஆனால் யாரும் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. (தோட்டக்காரரின் பொறுமைக்கும் எல்லை உண்டு.) ஒரு குழிக்கு எட்டு அடி ஆகிவிட்டால் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விடலாம். குழி என்பதும் இப்போதைக்குத் தரையில் புதைத்த பெயின்ட் வாளிதான்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது நான்கு பேர் ஓர் அணியாக ஆடுவது. நால்வரும் அடிப்பார்கள். அதில் நன்றாக விழுந்த பந்து எதுவோ, அந்த இடத்திலிருந்து நால்வரும் அடுத்த அடியை அடிப்பார்கள். இதற்கு ஸ்க்ராம்பிள் என்று பெயர், உலகமெங்கும் ஆடுகிறார்கள். சரியாக அடிக்க வராத பிள்ளை இதில் ஒளிந்துகொள்ளலாம். என்றைக்காவது அதன் பந்தே நல்ல பந்தாக விழுந்துவிட்டால் அன்றைய கூச்சலைக் கேட்க வேண்டுமே! அந்தச் சிறுமி திரும்பி வந்ததும் இதற்குத்தான்.

பெரியவர்களின் கோல்ஃபிலும் சலுகைகள் உண்டு. 1744-இல் எடின்பரோ அருகே லீத் என்ற ஊரில் எழுதப்பட்ட பழைய விதிகள் மொத்தமே 13. அது பெருகிப் பெருகி 34 ஆகி, 2019-இல் 24 ஆகக் குறைக்கப்பட்டது. பந்து தேடும் நேரத்தை 5 நிமிடத்திலிருந்து 3 ஆக்கியது அப்போதுதான். ஒரு குழிக்கு இத்தனை அடிதான் உச்சம் என்று வைத்து ஆடும் முறையும் அந்த ஆண்டே விதிப் புத்தகத்தில் ஏறியது. தொலைந்த பந்துக்காகத் திரும்பிப் போகாமல், இரண்டு அடி தண்டனையோடு அங்கேயே ஆட்டத்தைத் தொடரவும் ஒரு கிளப் விரும்பினால் அனுமதிக்கலாம். ஹேண்டிகேப் என்பதே ஆடியவரின் மொத்த அடிகளிலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகைக் கணக்குதான், புதியவருக்கு 54 அடி வரை கிடைக்கும். அமெரிக்காவில் 2014-இல் 15 அங்குலக் குழி வெட்டியே ஆடிப் பார்த்தார்கள். நம் வாளி அதைவிடச் சின்னது.

விதி என்பது மனிதர்கள் உட்கார்ந்து எழுதுவது. மேசைமேல் கோலால் பந்துகளைத் தள்ளி ஆடும் ஸ்னூக்கரின் விதிகளை 1882-இல் எழுதி மாட்டியது நம் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் என்று சொல்வார்கள். அந்த ஊர்க்காரர்கள் நாம் ஒரு வாளி புதைத்தால் தப்பா?

ஆனால் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே மாட்டோம். முதலாவது கணக்கு. கோல்ஃபில் பெரும்பாலும் நடுவர் கூட வருவதில்லை, தன் தண்டனையைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். எட்டு அடி அடித்தவன் எட்டு என்றுதான் எழுத வேண்டும். ஏழு என்று எழுதினால் அது அழுகுணி ஆட்டம், அதற்கு எந்தத் தளர்வும் இல்லை. விதியைத் தளர்த்தினால் பிள்ளைகள் ஏமாற்றப் பழகிவிடுவார்கள் என்று ஒரு தாய் கவலைப்பட்டார். என் அனுபவம் நேர் எதிரானது. எட்டுக்கு மேல் ஏறாது என்று தெரிந்த பிள்ளைக்குப் பொய் எழுதும் அவசியமே வருவதில்லை.

இரண்டாவது பாதுகாப்பு. நாம் பயன்படுத்துவது ஓட்டை போட்ட லேசான பிளாஸ்டிக் பந்து, ஆனால் மட்டை இரும்பு. ஒருவர் வீசும்போது மற்றவர்கள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். மீறினால் அன்றைக்கு ஆட்டம் இல்லை. காட்டெருமை மைதானப் பக்கம் தலைகாட்டினால் பந்து, மட்டை, கணக்கு எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வகுப்பறைக்குள் வந்துவிட வேண்டும்.

அடுத்த பருவத்தில் தளர்வுகளை ஒவ்வொன்றாக எடுப்போம். முதலில் படாத வீச்சு கணக்கில் ஏறும், வாளி கடைசியில் போகும். தயாராகாத பிள்ளைக்கு வாளி அப்படியே இருக்கும்.

உறைபனிக் காலம் என்பதால் காலை பத்து மணிக்கு, புல் ஈரம் காய்ந்த பிறகுதான் ஆரம்பிப்போம். தனிக் கட்டணம் இல்லை, மட்டையும் வாங்க வேண்டாம். வழுக்காத ஷூ, ஸ்வெட்டர், தண்ணீர் பாட்டில் போதும். கேடியாக வேலை பார்க்கும் பெற்றோர்கள் ஓய்வு கிடைக்கும் சனிக்கிழமையில் வந்து, மட்டையைப் பிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். கூட்டத்தில் கேள்வி கேட்ட தந்தையைத்தான் முதலில் எதிர்பார்க்கிறேன்.

இத்துடன் உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்