இரண்டு மாதமா, இருபத்திரண்டு மாதமா?

அன்புள்ள மகளுக்கு,

லீவுக்கு இன்னும் ரெண்டு மாசம்தானே, இந்தா வந்துரும் என்று நீ சொன்னதற்கு உன் மகன் அப்படி அழுதானே, அவன் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

பால் ஜானே என்ற பிரெஞ்சுக்காரர் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு கணக்குச் சொன்னார். இதுவரை வாழ்ந்த வயதில் ஒரு காலம் எத்தனை பங்கோ, அந்த அளவுக்குத்தான் அது நீளமாகத் தோன்றுமாம். பேரனுக்கு 6, எனக்கு 66. அவனுடைய 2 மாதம் எனக்கு 22 மாதம். என்னை யாராவது 22 மாதம் பொறு என்றால் நானும் சண்டைக்குத்தான் போவேன்.

ஆனால் கணக்கை முழுசாக நம்பவும் முடியவில்லை. ரிட்டயர் ஆனபின் மதியச் சாப்பாட்டிலிருந்து நாலு மணிக் காப்பி வரை நேரம் நகரவே மாட்டேன் என்கிறது. தீபாவளி மட்டும் மூச்சு விடுவதற்குள் திரும்ப வந்து நிற்கிறது. வயதுதான் காரணம் என்றால் மதியமும் அல்லவா ஓட வேண்டும்?

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார். சின்ன வயதில் எல்லாம் புதிது, ஒவ்வொன்றும் நினைவில் தனியாக நிற்கும். பழகிப்போன நாட்கள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். அதனால் வெறும் பொழுது கழியும்போது நீளம், திரும்பிப் பார்த்தால் குட்டை. 1962-ல் மிஷெல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலைக் குகைக்குள் இரண்டு மாதம் இருந்தார். செப்டம்பர் 14-ல் வெளியே கூட்டிவந்தபோது, அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. நம் வீட்டுத் திண்ணையும் இப்போது கிட்டத்தட்ட அந்தக் குகைதான், என்ன, பேப்பர் வருகிறது.

வேலையில் சேர்ந்து வால்பாறைக்குப் போன முதல் வருஷத்தை, அட்டைக்கடி, விடாத மழை, கூட இருந்தவரின் குறட்டை என்று மாசவாரியாக இன்றும் சொல்வேன். கடைசிப் பத்து வருஷத்துக்கு ஒரு வரி போதும்: காலையில் போனேன், சாயங்காலம் வந்தேன்.

நீயும் "நாள் ஓடுதுப்பா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாய். உன் வயதுக்கு அது கொஞ்சம் சீக்கிரம். ஆபீஸ், டிராஃபிக், ஹோம்வொர்க், மறுபடி ஆபீஸ் என்றிருந்தால் வேறென்ன ஆகும்?

சரி, டிக்கெட் விஷயம். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. பொதிகைக்குக் காலை 8 மணிக்கே உட்கார்ந்துவிடு. லோயர் பெர்த் கிடைக்காவிட்டால் கவலைப்படாதே, பொடியனுக்கு அதுதான் நல்லது. செங்கல்பட்டு வரைக்குமாவது அவனை மேலே ஏறி உட்காரவிடு, மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளட்டும். அவரைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அப்பா
தென்காசி